சிக்கலான பொருள்களின் ஆய்வு மையத்தில் முதல் ஆண்டு: புதிதாகச் சேரும் ஆய்வு மாணவருக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்து, உங்கள் நெறியாளர் அங்குள்ள பொருளறிவியல் ஆய்வு மையத்தின் உறுப்பினர் என்றும் தெரியவந்தால், நீங்கள் சேரப்போவது ஒரே ஒரு துறையில் அன்று என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இயற்பியலாளர், வேதியியலாளர், வேதிப் பொறியாளர், உயிரியலாளர், கணினியில் கணக்கிடுபவர் ஆகியோர் ஒரே கேள்வியைச் சுற்றி உட்கார்ந்து வேலை செய்யும் இடம் அது. நம் கல்லூரிகளில் இயற்பியல் துறையும் வேதியியல் துறையும் ஒரே நடைக்கூடத்தின் இரண்டு முனைகளில் இருந்தாலும், மறுமுனைக்கு ஒரு நாளும் போகாமலே பட்டம் வாங்கி வந்துவிடுகிறோம். அப்படிப் படித்து வந்து, இத்தகைய மையம் ஒன்றில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை, அடுத்து வருபவருக்குப் பயன்படும் வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

சிக்கலான பொருள் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு மணல்துகளைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தாலும் மணற்குவியல் எப்போது சரியும் என்று சொல்லிவிட முடியாது. ஒரு நீர்த்துளியையும் ஒரு காற்றுக்குமிழியையும் அறிந்திருந்தாலும் நுரை ஏன் திண்மம்போல் நிற்கிறது என்பது விளங்காது. கூறுகள் எளியவையாக இருந்தும், அவை கூட்டாகச் சேரும்போது புதிய நடத்தை பிறக்கும் பொருள்கள் இவை. கூழ்மங்கள் (திரவத்தில் நுண்துகள்கள் பரவி நிற்பவை), பாலிமர்கள் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்), திரவப் படிகங்கள், மீக்கடத்திகள் (தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துபவை) எல்லாம் இந்த வகையில் அடங்கும். ஒரு துறையின் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றை அணுக முடியாததால்தான் மையங்கள் தோன்றின.

மையம் இயங்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவிய பிறகு, விண்வெளிக்கும் பாதுகாப்புக்கும் வேண்டிய புதிய பொருள்களை உருவாக்கத் துறைகள் தனித்தனியே இயங்கினால் போதாது என்று அமெரிக்க அரசு உணர்ந்தது. 1960இல் அதன் பாதுகாப்பு ஆய்வு முகமையான ஆர்பா, கார்னெல், நார்த்வெஸ்டர்ன், பென்சில்வேனியா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் முதல் பல்துறை ஆய்வகங்களுக்கு நிதி அளித்தது. 1972இல் இந்த ஆய்வகங்கள் தேசிய அறிவியல் நிறுவனமான என்.எஸ்.எஃப்.பின் பொறுப்புக்கு வந்தன. 1994இல் இன்றைய வடிவம் பிறந்தது. 'பொருளறிவியல், பொறியியல் ஆய்வு மையம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எம்.ஆர்.எஸ்.இ.சி. என்ற எழுத்துகளை எல்லாரும் 'மர்செக்' என்றே சொல்கிறார்கள். பெயரிலேயே 'சிக்கலான பொருள்கள்' என்ற சொல்லைத் தாங்கிய பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மையமும் அதே 1994இல்தான் தொடங்கியது.

மாணவர் அறிய வேண்டிய நடைமுறைச் செய்திகள் சில உண்டு. பட்டம் தருவது துறை. மையம் பட்டம் தருவதில்லை. எனவே பாடங்கள், தகுதித் தேர்வு எல்லாம் துறையின் விதிப்படியே நடக்கும். மையத்துக்குள் ஆய்வு, சில பெரிய குழுக்களாகப் பிரிந்து நடக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் பல துறைப் பேராசிரியர்கள் சேர்ந்து ஒரே பெரிய கேள்வியை எடுத்துக்கொள்கிறார்கள். நிதி 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை போட்டி முறையில் வழங்கப்படுகிறது. சேர்ந்த முதல் வாரத்திலேயே, நீங்கள் எந்தக் குழுவின் கீழ் வருகிறீர்கள், அந்த நிதிச் சுற்றில் இது எத்தனையாவது ஆண்டு என்ற இரண்டையும் நெறியாளரிடம் கேட்டுவிடுங்கள். ஐந்தாம் ஆண்டில் சேருபவரின் திட்டமும் முதல் ஆண்டில் சேருபவரின் திட்டமும் ஒன்றாக இருக்க முடியாது.

கல்விப் பரப்பல் பணி இந்த நிதியின் ஓர் அங்கமாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். என்.எஸ்.எஃப். 1997 முதல் எந்த ஆய்வுத் திட்டத்தையும் அறிவியல் தரம், சமூகத்துக்கு விளையும் பரந்த பயன் என்ற இரண்டு அளவுகோல்களால் மதிப்பிட்டு வருகிறது. அதனால் ஒவ்வொரு மையத்திலும் பள்ளி மாணவருக்கும் ஆசிரியருக்கும் இளங்கலை மாணவருக்கும் தனித்தனி நிகழ்ச்சிகள் உண்டு. பிரின்ஸ்டன் மையம், ட்ரென்டன் நகர உயர்நிலைப் பள்ளி மாணவரைக் கோடையில் வளாகத்துக்கு வரவழைத்துப் பொருளறிவியல் கற்பிக்கும் 'பூமா' என்ற முகாமை நடத்தி வந்திருக்கிறது. கோடையில் இளங்கலை மாணவர்கள் வந்து ஆய்வு செய்யும் ஆர்.இ.யு. திட்டத்தில் என்.எஸ்.எஃப். உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே; தமிழ்நாட்டில் இளங்கலை படிப்பவர் அதற்கு விண்ணப்பித்துக் காலத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் முனைவர் பட்ட மாணவராகச் சேர்ந்த பின், அப்படி வருபவருக்கு வழிகாட்டும் பொறுப்பு உங்களிடம் வரக்கூடும்.

அடுத்த துறையின் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் வற்புறுத்த விரும்பும் படி இதுதான்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1970களின் நடுவில் நடந்த ஒன்றை ஆலன் ஹீகர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இயற்பியலாளரான அவர், கந்தகமும் நைட்ரஜனும் மாறி மாறிக் கோத்த ஒரு பாலிமர் உலோகம்போல் மின்சாரம் கடத்துவதைப் பற்றி வேதியியலாளர் ஆலன் மெக்டயர்மிடிடம் பேசப் போனார். அதன் வாய்பாட்டை அவர் 'எஸ்.என்.' என்று சொன்னதும், வேதியியலாளரின் காதில் அது வெள்ளீயத்தின் குறியீடாக விழுந்தது. வெள்ளீயம் உலோகமாக இருப்பதில் வியக்க என்ன இருக்கிறது? இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறோமா என்பது தெளிவான பிறகே வேலை தொடங்கியது. டோக்கியோவில் ஹிடெகி ஷிராகாவாவின் ஆய்வகத்தில், வினையூக்கியைத் தவறுதலாக ஆயிரம் மடங்கு அதிகமாகச் சேர்த்ததால் வெள்ளிபோல் பளபளக்கும், பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமரின் ஏடு கிடைத்திருந்தது. 1975இல் ஜப்பான் சென்றிருந்த மெக்டயர்மிட் அதைப் பார்த்து அவரைப் பென்சில்வேனியாவுக்கு அழைத்தார். அந்த ஏட்டில் அயோடின் ஆவியைச் செலுத்தியபோது கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 1977இல் வெளியான அந்த முடிவுக்கு மூவரும் 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்கள்.

என் கதை இவ்வளவு நன்றாக முடியவில்லை. நீரில் மிதக்கும் நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் எப்போது தாமாக வரிசைகட்டிப் படிகமாகின்றன என்பதுதான் என் முதல் வேலை. ஒன்றையொன்று மோதுவதைத் தவிர வேறு விசை ஏதும் இல்லாத கோளங்கள், இடத்தின் 49.4 விழுக்காட்டை நிரப்பும்போது படிகமாகத் தொடங்குகின்றன, 54.5 விழுக்காட்டில் முழுவதும் படிகமாகிவிடுகின்றன. 1957இல் கணினிக் கணக்கீடு காட்டியதைக் கூழ்மத்தில் 1986இல் ஆய்வகம் உறுதிசெய்தது. எங்கள் குழுவில் கணக்கிடும் நண்பர் "50 விழுக்காட்டில் தொடங்குங்கள்" என்றார். நானும் 50 கிராம் சிலிக்காவும் 50 கிராம் உப்புநீரும் கலந்து வைத்து, படிகத்தின் அடையாளமான வானவில் நிறம் குப்பியில் தோன்றுமா என்று ஒவ்வொரு நாள் காலையிலும் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஏழு வாரம் பால்போல் வெளுத்த திரவமே இருந்தது. சிலிக்காவின் அடர்த்தி நீரைப்போல் சுமார் 2 மடங்கு. ஆகவே 50 கிராம் சிலிக்கா அடைப்பது 25 கன சென்டிமீட்டர். 75 கன சென்டிமீட்டர் கலவையில் அது வெறும் 33 விழுக்காடு. வேதியியல் படித்த எனக்கு விழுக்காடு என்றால் எடை. அவருக்கு அது கன அளவு. இருவர் பேரிலும் குற்றம் இல்லை, ஆனால் இருவரும் கேட்கவில்லை.

அன்று முதல் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒரு சொல்லை இரண்டு துறையினர் பயன்படுத்தினால், அதை எழுதி, பக்கத்தில் இரண்டு பொருளையும் எழுதுங்கள். 'ஃபேஸ்' என்பது ஒருவருக்கு அலையின் கட்டம், மற்றவருக்குப் பொருளின் நிலை. 'டொமைன்' என்பது காந்தவியலாருக்கு ஒன்று, புரத ஆய்வாளருக்கு வேறொன்று. 'மெதுவாகக் குளிரவை' என்றால் ஒருவர் மணிக்கு 5 டிகிரி என்று நினைப்பார், இன்னொருவர் உலையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். எந்த எண்ணைக் கேட்டாலும் அலகைச் சேர்த்துக் கேளுங்கள். தெரியாத சொல்லைக் கூட்டத்திலேயே கேளுங்கள். அதே சொல் தெரியாத பேராசிரியரும் அந்த அறையில் பெரும்பாலும் இருப்பார்.

கூடவே, முதல் பருவத்தில் மாதம் இருமுறையாவது மற்றொரு ஆய்வகத்தின் வாராந்திரக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்கள் எதைக் கண்டு மகிழ்கிறார்கள், எதைக் கண்டு சந்தேகப்படுகிறார்கள் என்பதைக் கவனித்தாலே பாதித் துறை விளங்கிவிடும்.

மாதிரியும் கருவியும்

பல்துறை ஆய்வில் துறைகளுக்கு இடையே உண்மையில் பயணம் செய்வது மாதிரிதான். ஒருவர் தயாரிக்கிறார், இன்னொருவர் அளக்கிறார், மூன்றாமவர் கணக்கிடுகிறார். எனவே குப்பியின் மேல் எழுதும் சீட்டில் தேதி, தயாரித்தவர் பெயரின் முதலெழுத்துகள், செறிவு அலகுடன், கரைப்பான், குறிப்பேட்டின் பக்க எண் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். 'புதியது', 'நல்லது' என்றெல்லாம் எழுதிய குப்பிகளைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து அவற்றால் யாருக்கும் பயனில்லை.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி, எக்ஸ்-கதிர்க் கருவி போன்றவை பொதுக் கருவியகத்தில் இருக்கும். மணிக்கணக்கில் கட்டணம் உண்டு, பயிற்சி முடிக்காமல் தொடவும் முடியாது. பயிற்சிக்குக் காத்திருப்போர் வரிசை நீளும் என்பதால், தேவை வருவதற்கு முன்பே பெயரைக் கொடுத்துவிடுங்கள். கருவியகப் பொறியாளரிடம் மாதிரியைக் காட்டி, "இதில் எனக்கு இன்னது தெரிய வேண்டும், எந்தக் கருவி பொருத்தம்?" என்று கேட்பது, கருவியின் பெயரைச் சொல்லி நேரம் கேட்பதைவிடப் பலமடங்கு பயன் தரும்.

கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். துறைக்குத் துறை வழக்கம் மாறுவதால், பின்னால் பேசினால் மனக்கசப்பு மிஞ்சும்.

ஒரு செயல்விளக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டாம் பருவத்தில் கல்விப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் உங்களைக் கூப்பிடுவார். அதற்கு முன்பே நீங்களாகப் போய்ச் சந்திப்பது இன்னும் நல்லது. பல மாணவர்கள் இதை ஆய்வுக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறார்கள். எனக்கோ, அடுத்த துறைக்காரரிடம் பேசக் கற்றுக் கொடுத்ததே பள்ளிப் பிள்ளைகள்தான். இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றே: நமக்குப் பழகிய சொல்லைக் கீழே வைத்துவிட்டு, இருவர் கண்ணுக்கும் முன்னால் ஒரு பொருளை வைத்துப் பேச வேண்டும்.

செயல்விளக்கம் உங்கள் ஆய்வுக்கு அருகில் இருக்கட்டும். நான் எடுத்துச் செல்வது மிட்டாய். பிரின்ஸ்டனில் பால் சைகின், சால்வடோர் டோர்குவாட்டோ ஆகியோரும் அவர்களுடைய மாணவர்களும் 2004இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கோலிக்குண்டுபோன்ற உருண்டைகளை ஒரு பாத்திரத்தில் கொட்டிக் குலுக்கினால் அவை இடத்தின் 64 விழுக்காட்டை மட்டுமே நிரப்பும். தட்டையாக அமுக்கிய உருண்டைபோன்ற எம் அண்ட் எம் மிட்டாய்களோ 68 முதல் 71 விழுக்காடு வரை நிரப்புகின்றன. உருண்டையைத் திருப்பினால் எதுவும் மாறாது; தட்டையான மிட்டாயைத் திருப்பினால் அது பிடிக்கும் இடமே மாறுகிறது. அதை அசையாமல் பூட்ட அக்கம்பக்கத்தில் அதிகத் தொடுகைகள் வேண்டும்: உருண்டைக்குச் சராசரியாக 6, மிட்டாய்க்குச் சுமார் 10. அதனால்தான் நெருக்கம் கூடுகிறது. இயற்பியலாளரும் வேதியியல் துறைக் கோட்பாட்டாளரும் இளம் மாணவரும் சேர்ந்து, மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. முறையால் குவியலின் உட்புறத்தையும் படம் பிடித்துச் செய்த ஆய்வு இது. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் இதை அப்படியே கொடுத்துவிட முடிகிறது.

தயாரிப்பு எளிது. 1 லிட்டர் கொள்ளும் கண்ணாடி ஜாடிகள் இரண்டு, 5 அல்லது 6 மில்லிமீட்டர் கண்ணாடி மணிகள், மிட்டாய், சமையலறைத் தராசு, அளவுக் குவளை ஆகியவை போதும். மணிகளை ஜாடியில் கொட்டி, தட்டிக் குலுக்கி, விளிம்புவரை நிரப்புங்கள். பிறகு தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். 390 மில்லிலிட்டர் பிடித்தால், மணிகள் நிரப்பியது 610, அதாவது 61 விழுக்காடு. 64 வராது, ஜாடியின் சுவரை ஒட்டி எப்போதும் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், பெரிய மணியாக இருந்தால் இன்னும் குறையும். மிட்டாயில் தண்ணீர் ஊற்றினால் சாயம் கரையும். ஆகவே முந்தின நாளே 100 மிட்டாய்களை எடைபோட்டு, சமையல் எண்ணெய் உள்ள குவளையில் போட்டு, எவ்வளவு கன அளவு உயர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஜாடி மிட்டாயின் எடையை மட்டும் பார்த்துக் கன அளவைக் கணக்கிட்டுவிடலாம்.

கையால் அழுத்தினால் கெட்டியாகி, விட்டால் வழியும் மாவுக்கரைசலும் நல்ல தேர்வு. ஒரு பங்கு தண்ணீருக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு மாவு வேண்டும். நம் ஊரில் கார்ன்ஃப்ளவர் என்று விற்பதை அமெரிக்கக் கடையில் கார்ன்ஸ்டார்ச் என்று கேட்க வேண்டும்; பெயரை நம்பி வேறு சோளமாவை வாங்கினால் வேலை நடக்காது. முடிந்ததும் கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். திரவ நைட்ரஜனில் குளிர்வித்த மீக்கடத்தி காந்தத்தின் மேல் மிதப்பதைக் காட்ட எல்லாருக்கும் ஆசை வரும். 1987இல் கண்டறிந்த, 93 கெல்வினில் மீக்கடத்தியாகும் பொருளால், 77 கெல்வினில் கொதிக்கும் நைட்ரஜனே அதற்குப் போதும் என்றாயிற்று. ஆனால் 1 லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். இறுக மூடினால் கலன் வெடிக்கும், காற்றோட்டமில்லாத அறையில் மூச்சுக்கே ஆபத்து. முறையான பயிற்சி பெற்றவர் உடன் இல்லாமல் முதல் ஆண்டில் இதைத் தொட வேண்டாம்.

பள்ளிக்குப் போகும் முன்

ஆசிரியரிடம் முதலில் பேசுங்கள். இப்போது எந்தப் பாடம் நடக்கிறது, வகுப்பில் எத்தனை பேர், எத்தனை நிமிடம், கடலை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று கேளுங்கள். மிட்டாய் தின்பதற்கு அன்று என்பதையும் முன்பே சொல்லச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களோடு வேலை செய்ய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பின்னணிச் சரிபார்ப்பும் பயிற்சியும் கேட்பது வழக்கம். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம். குழந்தையோடு தனியே இருக்கக்கூடாது, பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் படம் எடுக்கக்கூடாது என்ற இரண்டும் எங்கும் பொருந்தும். கையுறை கொண்டுபோனால் லேடெக்ஸ் வேண்டாம்.

வீட்டில் ஒருமுறை, அறிவியல் படிக்காத ஒருவர் முன்னால் முழுவதையும் செய்து பாருங்கள். ஆங்கிலத்தில் நாம் பேசும் வேகமும் உச்சரிப்பும் குழந்தைகளுக்குப் புதிதாக இருக்கும் என்பதால், முக்கியமான நான்கு சொற்களை அட்டையில் பெரிதாக எழுதி எடுத்துச் செல்வது எனக்கு மிகவும் உதவியது.

வகுப்பில்

விடையைச் சொல்லித் தொடங்காதீர்கள். இரண்டு ஜாடிகளையும் மேசைமேல் வைத்து, எது அதிக இடத்தை நிரப்பும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்ட பிள்ளை முடிவைப் பார்க்காமல் விடாது. பிறகு நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒருவர் கொட்ட, ஒருவர் குலுக்க, ஒருவர் அளக்க, ஒருவர் எழுதட்டும். நீங்கள் தொடாமல் நில்லுங்கள்.

ஒரு முறை ஒரு சிறுமி ஜாடியை இரு கைகளாலும் பிடித்து நீண்ட நேரம் குலுக்கினாள். மட்டம் இறங்க இறங்க மணிகளைச் சேர்த்தாள். ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கவில்லை. பழக்கடையில் ஆரஞ்சை அடுக்குவதுபோல் அடுக்கினால் 74 விழுக்காடு வரும் என்று நான் பலகையில் எழுதியிருந்தேன். "எவ்வளவு நேரம் குலுக்கினால் 74 வரும்?" என்று கேட்டாள். அதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று 1611இல் கெப்ளர் ஊகித்ததும், 1998இல்தான் தாமஸ் ஹேல்ஸ் நிறுவல் தந்ததும் எனக்குத் தெரியும்; ஆனால் அவள் கேட்டது அது அன்று. ஒழுங்கற்ற குவியல் ஒழுங்கான அடுக்காக மாற ஏன் மறுக்கிறது என்று கேட்டாள். அது எங்கள் ஆய்வகத்தின் கேள்வியே. புவியீர்ப்பு இதில் எவ்வளவு குறுக்கிடுகிறது என்று அறிய, பிரின்ஸ்டன் குழு 1995இல் கொலம்பியா விண்ணோடத்தில் கூழ்மக் குப்பிகளை அனுப்பிப் பார்த்திருக்கிறது. அதைச் சொன்னேன். "நானும் இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழு விடை கிடைக்கவில்லை" என்றும் சொன்னேன். இத்தகைய கேள்வி வரும்போது, தெரிந்ததுபோல் பேசி நழுவாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும்

சீட்டுகளை எண்ணி, ஊகம் எத்தனை பேருக்குச் சரி, எத்தனை பேருக்கு மாறியது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மையத்தின் ஆண்டறிக்கைக்கு ஒருங்கிணைப்பாளர் இதைக் கேட்பார். பிள்ளைகளின் கேள்விகளை அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். அந்தச் சிறுமியின் கேள்வியை நான் வைத்தபோது, கணக்கிடும் நண்பர் ஜாடியை மேலும் கீழும் குலுக்குவதற்குப் பதிலாக முன்னும் பின்னும் முறுக்கிப் பார்க்கலாமே என்றார்; அன்று மாலையே இருவரும் செய்து பார்த்தோம், சுவரை ஒட்டிய மணிகள் வரிசைகட்டத் தொடங்கின. விடை தெரிந்த வரையில் ஒரு பக்கம் எழுதி, ஒரு வாரத்துக்குள் ஆசிரியருக்கு அனுப்புங்கள்.

கடைசியாக, செயல்விளக்கப் பொருள்கள் வைத்த பெட்டியைக் கவனியுங்கள். மணிகளைக் கழுவி உலர்த்தி, குறைந்தவற்றை வாங்கிச் சேர்த்து, 100 மிட்டாய்களின் எடையும் கன அளவும் எழுதிய சீட்டை அலகுகளோடு மூடியின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை அதை எடுப்பவர் வேறு துறையைச் சேர்ந்தவராக இருப்பார்.